இது யார் கை?

என் அப்பா காசிமேட்டில் விசைப்படகுகளுக்குப் பெயர் எழுதியவர். எங்கள் பக்கம் போர்டு ஆர்ட்டிஸ்ட் என்பார்கள். நாலு எனாமல் டப்பா, பட்டை பிரஷ், சாக்பீஸ் தேய்த்த நூல், துடைக்க ஒரு பழைய பனியன். இவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னையும் கூட்டிப்போவார். வரிசையாக நிற்கும் படகுகளைக் காட்டி, "இது யார் கை, சொல்லு பாப்பா" என்பார்.

பெயர் எழுதியவர்கள் யாரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அப்பாவுக்குத் தெரியும். 'ழ'வின் வால் கீழே இறங்கித் திரும்பும் இடத்தில் பிரஷ்ஷை ஒரு தரம் தூக்கி எடுத்து வைத்திருந்தால் அது ஒருவர். தூக்காமல் ஒரே இழுப்பாகச் சுழற்றியிருந்தால் இன்னொருவர். எழுத்துக்குப் பின்னால் விழும் ஷேடு வலப்பக்கம் ஒல்லியாக இருந்தால் வண்ணாரப்பேட்டையிலிருந்து வருகிறவர். எட்டு வயதுக்குள் நாலைந்து பேருடைய கையை என்னாலும் சொல்ல முடிந்தது.

இப்போது காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர்கள் அடிக்கடி ஒன்று கேட்பார்கள்: "மிஸ், இப்போ யாரெல்லாம் நல்லா படம் போடறாங்க? எங்கே போய்ப் பார்க்கிறது? பார்த்தாலும் யார் போட்டதுன்னு எப்படித் தெரியும்?" வாசற்படியில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில், உங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். எங்கள் அம்மா எட்டாவது வரைதான் படித்தவர். வாடகை நூலகத்திலிருந்து வாரப் பத்திரிகைகள் வாங்கிப் படிப்பார். தொடர்கதைப் படத்தைப் பார்த்ததும், ஓரத்தில் இருக்கும் பெயரைத் தேடாமலே "இது மாருதி", "இது ஜெயராஜ்" என்று சொல்லுவார். வட்ட முகம், அகன்ற கண், கன்னத்தில் மெல்லக் கரையும் நிறம் என்றால் மாருதி. ஒல்லியான உடம்பு, அன்றைய நாகரிக உடை, நேராக நம்மைப் பார்த்து நிற்கும் தோரணை என்றால் ஜெயராஜ். 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வனுக்குப் படம் போட்டவர் மணியம். அவர் மகன்தான் மணியம் செல்வன். தகப்பன் படத்தையும் மகன் படத்தையும் பக்கத்தில் வைத்தால் அம்மா ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. ஆக, உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் முதல் பாடத்தை அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். பழைய பத்திரிகை வீட்டில் இல்லையென்றால் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளில் கிளறிப் பாருங்கள். ஏதாவது அகப்படும்.

சரி, கையை எப்படி அடையாளம் காண்பது? முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தால் எதுவும் பிடிபடாது. ஒரே ஒரு உறுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: கால். முகத்தில் எல்லா ஓவியர்களும் கவனமாக இருப்பார்கள். காலை வரையும்போதுதான் பழக்கம் தன்னால் வெளியே வரும். பாதம் தரையில் அழுந்தி நிற்கிறதா, மிதக்கிறதா? விரல்கள் ஐந்தையும் போடுகிறாரா, ஒரே வளைவோடு விட்டுவிடுகிறாரா? செருப்பு வார் எப்படிப் போகிறது? அப்புறம் மூக்கு, அப்புறம் தண்ணீர், அப்புறம் எதுவுமே வரையாமல் விட்ட இடம். ஒருவர் எதை வரையாமல் விடுகிறார் என்பது அவருடைய பாணியில் பாதி.

கோடு எப்படிப் போகிறது என்று பழக, ஆதிமூலத்தின் கறுப்பு மைக் கோட்டோவியங்களையும் ட்ராட்ஸ்கி மருதுவின் படங்களையும் அடுத்தடுத்து பார்க்கச் சொல்லுவேன். இருவரும் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர்கள். 1850இல் தொடங்கிய கல்லூரி அது. ஆதிமூலம் 2008இல் காலமானார். காந்தியை அவர் வரைந்த வரிசையில், கீறிக் கீறிச் சேர்ந்த கோடுகளுக்குள்ளிருந்து முகம் மெதுவாக எழுந்து வரும். மருதுவின் கோடு நிற்கவே நிற்காது. குதிரையானாலும் அரசனானாலும் அது பாய்ந்துகொண்டே இருக்கும். ஒரே கல்லூரி, ஒரே கறுப்பு மை, ஆனால் இரண்டு கையும் எவ்வளவு வேறு! இந்த வேறுபாடு ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மறக்காது. அந்தக் கல்லூரியில் மாணவர் கண்காட்சி வைக்கும்போது கட்டாயம் போங்கள். நாளைக்குப் பெயர் வாங்கப் போகிற கைகளை இன்றைக்கே பார்த்துவிடலாம்.

இப்போது வரைகிறவர்களைக் கண்டுபிடிக்கச் சுலபமான இடம் எது என்றால், நான் தயங்காமல் சொல்வது குழந்தைகளுக்கான படப்புத்தகங்கள். பெரியவர்கள் இதைச் சின்னப் பிள்ளை விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. இன்றைக்கு இந்தியாவின் மிக நல்ல ஓவியர்கள் பலர் அங்கேதான் வேலை செய்கிறார்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் இலவசமாக இருக்கின்றன. தமிழிலும் நிறைய. ஒரு புத்தகத்தைத் திறங்கள். படம் போட்டவர் பெயர் எழுதியவர் பெயரோடு சேர்த்தே இருக்கும். அந்தப் பெயரைத் தொட்டால் அவர் படம் போட்ட மற்ற புத்தகங்களும் வரும். ஓர் ஓவியரின் நாலைந்து புத்தகங்களை ஒரே மூச்சில் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் அழகு தெரியும், ஐந்து புத்தகம் பார்த்தால்தான் கை தெரியும்.

யாரிலிருந்து ஆரம்பிப்பது என்றால், ராஜீவ் ஐப், பிரியா குரியன் இரண்டு பேர். ராஜீவ் ஐப் எழுதி வரைந்த ஒரு புத்தகத்தில் ஒரு பாட்டியும் பேரனும் தேங்காய் பர்ஃபி செய்வதற்காக விதவிதமான இயந்திரங்கள் கட்டுவார்கள். பிரியா குரியன் வரைந்த இன்னொரு புத்தகத்தில் ஒரு பாட்டி கண்ணாடி இல்லாமல் வீட்டையே புரட்டிப்போடுவார். துலிகா வெளியிட்டது, வார்த்தையே இல்லாத புத்தகம். இரண்டிலும் மலையாளத்து அம்மாச்சிதான். நான் வகுப்பில் இரண்டு பாட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். "இந்த ஆயா எங்க ஆயா மாதிரியே கீது மிஸ்" என்று யாராவது ஒருத்தி கட்டாயம் சொல்லுவாள். அப்போது நான் கேட்பேன்: எது அப்படி நினைக்கவைக்கிறது? உட்காரும் விதமா, இடுப்பா, முந்தானையா? பத்து நிமிடம் பேசிவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டு, இரண்டு பாட்டிகளையும் நினைவிலிருந்து வரையச் சொல்லுவேன். கண் எதைப் பிடித்தது என்று அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

ராஜீவ் ஐப்பின் இன்னொரு புத்தகம் முழுக்கக் கடலுக்கு அடியில் நடக்கிறது. அதைக் காட்டியபோது, அப்பா விசைப்படகில் போகிற ஒரு பையன் ரொம்ப நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் நிமிர்ந்து, "இது போட்டவரு தண்ணில எறங்கிக்கீறாரு மிஸ்" என்றான். எப்படிச் சொல்கிறாய் என்றேன். மீன் எல்லாம் பக்கவாட்டில் இல்லை, சிலது நேரே நம்மைப் பார்த்து வருகிறது, கரையில் நின்று வரைகிறவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது என்றான். அவன் சொன்னதை அப்படியே என் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஓவியர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதும் பாணிதான்.

சென்னைக்காரரே வேண்டுமென்றால் அசோக் ராஜகோபாலன். ஜலதோஷம் பிடித்த யானை கஜபதி குலபதியை உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கக்கூடும். எளிய உருவங்கள், ஆனால் யானையின் பாரமும் வெட்கமும் இரண்டும் தெரியும்.

அடுத்து சொல்லப்போவதற்கு ஒருநாள் ஒதுக்க வேண்டும். கடற்கரை ஸ்டேஷனில் வேளச்சேரி ரயிலைப் பிடித்து திருவான்மியூரில் இறங்குங்கள். தாரா புக்ஸ் அங்கேதான் இருக்கிறது. 1994இல் தொடங்கிய பதிப்பகம். அவர்கள் 2006இல் வெளியிட்ட மரங்களின் இரவு வாழ்க்கை பற்றிய புத்தகம் ஒன்று உண்டு. கறுப்புத் தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து, கையால் தைத்த புத்தகம். பக்கத்தைத் திருப்பும்போது மை வாசனை வரும், விரலை வைத்தால் மை மேடாகத் தட்டுப்படும். அப்பாவின் எனாமல் நினைவுக்கு வந்து நான் முதல்முறை அதை மூடவே இல்லை.

அதை வரைந்தவர்கள் மூன்று பேர்: பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி. மூவரும் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர்கள். "கிராமியக் கலைதானே, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்" என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு புத்தகம் போதும். கோண்டு ஓவியர்கள் உருவத்தின் உட்புறத்தைச் சின்னச் சின்னக் கோடு, புள்ளி, பிறை, விதை போன்ற வடிவங்களால் நிரப்புவார்கள். ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு நிரப்பும் முறையை வைத்திருப்பார்கள். அதுதான் அவர்களுடைய கையெழுத்து. பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு இலையையும் அடிமரத்தையும் உள்ளே போய்ப் பாருங்கள். மூன்று மரத்துக்குப் பிறகு, பெயரைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். எனக்கு நாலு நாள் பிடித்தது. 'ழ'வின் வாலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பஜ்ஜு ஷியாம் ஓர் உணவகத்தின் சுவரில் வரைய லண்டன் போனவர். திரும்பி வந்து, பார்த்ததையெல்லாம் வரைந்தார். அது 2004இல் புத்தகமாக வந்தது. அதில் பிக் பென் மணிக்கூண்டு சேவலாக இருக்கும், ஏனென்றால் அவர் ஊரில் நேரம் சொல்வது சேவல். தினமும் ஏறிப் போன பேருந்து, விசுவாசமான நாயாக இருக்கும். ஒரு பாணி என்பது கோட்டில் மட்டும் இல்லை, எதை எதாகப் பார்க்கிறார் என்பதிலும் இருக்கிறது என்று நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். 2018இல் அவருக்கும் 2022இல் துர்கா பாய்க்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இவ்வளவு விலையுள்ள புத்தகங்களை எல்லாம் வாங்க முடியாது. என்னாலும் முடியாது. காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம். கோட்டூர்புரம் வரை போகத் தயார் என்றால் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு. அங்கே தரையில் உட்கார்ந்து படப்புத்தகம் பார்க்கும் பெரியவர்களை யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி. அங்கே ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்: அட்டை பிடித்திருந்தால் உடனே உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்புங்கள். அட்டை ஓவியம், அட்டை வடிவமைப்பு, உள் ஓவியங்கள் என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த மூன்று வரியை எழுதிக்கொள்ளுங்கள். அப்படித்தான் எனக்கு சந்தோஷ் நாராயணன் பெயர் தெரிந்தது. இரண்டே பொருளை வைத்துப் பெரிய விஷயத்தைச் சொல்லும் கை அவருடையது. இணையத்தில் தேடினால் அதே பெயருள்ள இசையமைப்பாளர்தான் முதலில் வருவார், அதனால் 'அட்டை' அல்லது 'ஓவியர்' என்று சேர்த்துத் தேடுங்கள்.

இணையம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வகுப்பு தொடங்கும் முன்பு, பாரிமுனைப் பக்கம் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்தேன். ஒரு பத்திரிகைக்கு எங்கிருந்தோ இறக்கிய படம் ஒன்றைக் கொடுத்தார்கள். மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை. படத்தில் ஒரு சிறுமி கோலத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். மூலையில் சின்னதாகக் கையெழுத்து. "அதை வெட்டிடும்மா" என்றார்கள், வெட்டிவிட்டேன். ஐந்நூறு பிரதி அச்சாகிப் போனது. அடுத்த மாதமே அந்தப் படம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. யார் போட்டது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நானே வெட்டி எறிந்திருந்தேன். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்னமும் நினைக்கிறேன்.

பல வருடம் கழித்து, புத்தகக் காட்சியில் ஒரு சின்னப் புத்தகத்தைப் புரட்டும்போது கால் ஒன்று தட்டுப்பட்டது. கட்டை விரல் மட்டும் தனியாக விலகி, மற்ற நாலும் ஒட்டி, தரையைப் பிடித்து நிற்கிற கால். அதே கை. முகவரி தேடிப் பிடித்து, நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். "கால் விரலை வைத்தா கண்டுபிடித்தீர்கள்?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரியை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக்கூடாது. பெயரில்லாத படம் கைபேசிக்கு வந்தால், படத்தைக் கொடுத்தே இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். வாழ்த்துப் படம் போடும் பக்கங்கள்தான் நிறைய வரும். அவற்றைத் தள்ளிவிட்டு, படம் வெட்டுப்படாமல் பெரிதாக இருக்கும் இடத்தையும், தேதி பழையதாக இருக்கும் இடத்தையும் திறங்கள். மூலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெயர் கிடைத்ததும் அதோடு நிற்காமல், அந்த ஓவியருடைய பக்கத்துக்கே போய் வேறு நாலு படம் பார்த்து, கை ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். இப்போது இயந்திரம் செய்த படங்களும் கலந்து வருகின்றன. அதற்கும் இதே மருந்துதான்: ஐந்து வருடத்துக்கு முந்தைய படங்களைத் தேடுங்கள், பென்சில் கிறுக்கல்களைத் தேடுங்கள். மனிதக் கை என்றால் சுமாராக வரைந்த காலமும் அங்கே இருக்கும்.

ஒரு நல்ல ஓவியர் கிடைத்தால், அவர் யாரைப் பின்தொடர்கிறார் என்று பாருங்கள். ஓவியர்களுக்குத்தான் நல்ல ஓவியர்களைத் தெரியும். நான் ஓஷீன் சிவாவை அடைந்தது அப்படித்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். தமிழ்ப் பெண்களை வேற்றுக் காலத்து மனிதர்களைப்போல, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் வரைகிறார். எங்கள் தெருவில் வீட்டுக்கு அடிக்கும் இளஞ்சிவப்பும் ஊதாவும் அந்தப் படத்தில் வேறொன்றாகிவிடுகின்றன.

அக்டோபர் மாதத்தை விடாதீர்கள். இங்க்டோபர் என்று, ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் 2009இல் தொடங்கிவைத்தது. 31 நாளுக்கு 31 சொற்கள், நாளுக்கொரு மைப் படம். உலகமெங்கும் ஒரே நாளில் ஒரே சொல்லை வரைவதால், பாணியை ஒப்பிட அதைவிட வசதியான நேரம் கிடையாது. ஒரு சொல்லைத் தேடி, இருபது பேர் வரைந்ததைப் பாருங்கள். பார்த்ததும் பிடித்ததைக் குறிக்காதீர்கள். மறுநாள் காலையில் எது நினைவில் நிற்கிறதோ, அதை வரைந்தவர் பெயரைக் குறியுங்கள்.

வெளிநாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் கிறிஸ்டோஃப் நீமன், ஜெர்மனிக்காரர். கையில் கிடைத்த பொருளைத் தாள்மேல் வைத்து, அதைச் சுற்றி மையால் வரைந்து படத்தை முடிப்பார். இரண்டு வாழைப்பழம் குதிரையின் பின்னங்கால்களாகிவிடும். எங்கள் மாடியில் நண்டு ஓடு, காய்ந்த நெத்திலி, முருங்கைக்காய், மிக்ஸி வாஷர் எல்லாம் இப்படித் தாள் ஏறியிருக்கின்றன. ஓர் ஓவியரைப் புரிந்துகொள்ள அவர் செய்வதை ஒருமுறை செய்து பார்ப்பதுதான் வழி. நகல் எடுப்பது தப்பில்லை. கீழே "இன்னாரைப் பார்த்து வரைந்தது" என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

தெருவையும் மறக்க வேண்டாம். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் நடந்தால் அம்பேத்கர், கால்பந்து, குத்துச்சண்டை என்று சுவரெல்லாம் படம். கீழ் மூலையில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதியிருப்பார்கள். அதையும் நோட்டில் ஏற்றுங்கள். அம்பேத்கரின் கண்ணாடியில் விழும் வெளிச்சத்தை ஒவ்வொருவரும் எப்படிப் போடுகிறார்கள் என்று மட்டும் பத்துச் சுவரில் பாருங்கள்.

நோட்டு என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஆண்டர்சன் தெருவில் கோடு போடாத தாள் வாங்கித் தைத்துக்கொண்டேன். ஓர் ஓவியருக்கு இரண்டு பக்கம். பெயர், எங்கே பார்த்தேன், எந்தத் தேதி. அப்புறம் அவர் போட்ட மூக்கு மூன்று, கால் மூன்று, என் கையால் பார்த்து வரைந்தது. அவர் எதை வரையாமல் விடுகிறார் என்று ஒரு வரி. ஒரு வாரத்துக்கு ஒருவர், அதற்கு மேல் வேண்டாம். அவசரப்பட்டால் பெயர்கள்தான் சேரும்.

இருபது பேர் சேர்ந்ததும் வீட்டில் இதை ஆடலாம். ஒவ்வொருவருடைய படத்திலும் இரண்டு பிரதி எடுத்து, பெயரையும் கையெழுத்தையும் ஒட்டுத்தாளால் மறையுங்கள். வெட்டாதீர்கள், மறைத்தால் போதும். பின்பக்கம் பென்சிலில் பெயரை எழுதுங்கள். பாயில் பரப்பிவைத்து, வீட்டில் வயதில் சின்னவரை முதலில் கேளுங்கள்: இது யார் கை?